மலைக்கொரு புத்தகம்

அப்பாவிடம் பதினொரு கைப்புத்தகங்கள் இருக்கின்றன. பொல்பிட்டியவிலிருந்து மேலே ஏறினால் வரும் தோட்டமொன்றில் அவர் கொழுந்துக் கங்காணியாக இருந்தவர். மற்றக் கங்காணிமார் ஒரே புத்தகத்தில் நாள்வாரியாக எழுதிக்கொண்டே போவார்கள்: இன்றைக்கு எந்த மலை, எத்தனை ஆள், எத்தனை கிலோ. புத்தகம் தீர்ந்தால் அடுத்த புத்தகம். அப்பா மட்டும் மலைக்கொரு புத்தகம் வைத்திருந்தார். (வெளியூர்க்காரருக்காக ஒரு வார்த்தை: தோட்டத்தில் மலை என்றால் நம்பர் போட்ட தேயிலைத் துண்டு. தட்டையாகக் கிடந்தாலும் அது மலைதான்.)

ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் மலை நம்பர், எத்தனை ஏக்கர், விதைத் தேயிலையா கிளைத்துண்டில் வளர்த்த வி.பி. தேயிலையா, நட்ட வருஷம், கடைசியாகக் கவ்வாத்து வெட்டிய மாதம் எல்லாம் இருக்கும். மலை தொடங்கும் இடத்தில் நட்டு வைத்திருக்கும் பலகையில் பெயின்டில் எழுதியிருப்பதைத்தான் அவர் பேனாவில் எழுதியிருந்தார். அடுத்த பக்கத்திலிருந்து கணக்கு. ஓரத்தில் சின்ன எழுத்தில் குறிப்புகள். "மேச்சரிவு காத்து." "பாதி ஆள் வரல, திருவிழா." "உரம் போட்டு ரெண்டாவது றவுண்டு."

காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். பதினொரு புத்தகத்தையும் சுமந்துகொண்டு மலைக்குப் போக முடியாது. அன்றைக்கு எந்த மலையில் வேலையோ அந்தப் புத்தகத்தை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். ஆனால் "ஏழாம் நம்பர்ல போன வருஷம் இதே மாசம் என்னா வந்துச்சு?" என்று மேலதிகாரியான கண்டாக்கையா கேட்டால், மற்றவர்கள் எச்சிலைத் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும்போது அப்பா பதில் சொல்லிவிடுவார்.

அந்தப் புத்தகங்களை நான் பல வருஷம் பொருட்படுத்தவில்லை. நான் கணினி படித்தவன். இப்போது வாரத்தில் மூன்று நாள் கொழும்பிலும் மிச்ச நாள் பொல்பிட்டிய வீட்டு இஸ்தோப்பிலும் உட்கார்ந்து இயந்திரக் கற்றல் வேலை பார்க்கிறேன். பழைய தரவைக் காட்டி, அதிலுள்ள ஒழுங்கைக் கண்டுபிடிக்கச் சொல்லி, அடுத்து என்ன வரும் என்று கணினியைக் கணிக்க வைக்கும் வேலை. இந்த வேலையில் ஒரு நாளில் பத்துப் பரிசோதனை செய்யலாம். பத்தில் ஒன்பது தோற்கும். தோற்றதைப் பற்றிக் கவலையில்லை. எது எதனால் தோற்றது என்பது மறந்து போவதுதான் கேடு.

பல்கலைக்கழகக் கடைசி வருஷத்தில் நான் வைத்திருந்த ஒழுங்கைச் சொன்னால் இந்தத் துறையில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். ஏனென்றால் அவர்களும் அதையே செய்திருப்பார்கள். மடிக்கணினியின் முகப்பிலேயே ஒரு போல்டர். அதற்குள் "கடைசி", "கடைசி சரி", "கடைசி சரி 2", "இதுதான் கடைசி" என்று கோப்புகள். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு நல்ல எண் வந்திருந்தது. அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று மேற்பார்வையாளர் கேட்டார். இரண்டு இரவு தேடினேன். "கடைசி சரி 2"ஐ ஓட்டினால் வேறு எண். "இதுதான் கடைசி"யில் இன்னொரு எண். எந்தக் கோப்பை எந்தத் தரவோடு ஓட்டினேன், இடையில் எந்த வரியை மாற்றிவிட்டுத் திருப்பி வைத்தேன், ஒன்றும் நினைவில்லை. அந்த எண்ணை வெட்டிவிட்டு, திரும்பப் பெற முடிந்த சின்ன எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். பட்டம் கிடைத்தது. அந்தப் பழைய எண் உண்மைதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் கிட் கற்றேன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் அது. லினக்ஸ் குழுவினர் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பரின் இலவச அனுமதி நின்றுபோன நெருக்கடியில் பிறந்தது. கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கமிட்டாகப் பதிந்து வைக்கும். அந்தக் கமிட்டுக்கு நாற்பது எழுத்தில் ஒரு அடையாளம் கொடுக்கும். எந்த நாளுக்கும் திரும்பிப் போகலாம். இனிக் "கடைசி சரி 2" வேண்டாம், ஒரே கோப்பு போதும், பழசெல்லாம் கிட்டின் வயிற்றில் இருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி நாலு மாதம் தாங்கியது. ஒரு அளவை மாற்றுவேன், ஓட்டுவேன், கமிட் செய்வேன். மீண்டும் மாற்றுவேன், ஓட்டுவேன், கமிட் செய்வேன். இருநூறு கமிட் ஆனது. ஒன்றும் தொலையவில்லை, எல்லாம் பத்திரமாக இருந்தது. ஆனால் மூன்றாம் வாரம் செய்ததையும் பதினோராம் வாரம் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், கிட்டைப் பின்னோக்கி ஓட்டிப் பழைய நிலைக்குப் போய், எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, திரும்பி வந்து பார்க்க வேண்டும். கிட் எனக்கு வைத்துக் கொடுத்தது மற்றக் கங்காணிமாரின் புத்தகம். நாள்வாரியாக, ஒழுங்காக, ஒரு வரி விடாமல், எச்சில் தொட்டுப் புரட்ட வேண்டிய புத்தகம்.

சரி, பரிசோதனைக்கொரு கிளை பிரிப்போம் என்று பார்த்தேன். கிட்டில் கிளை பிரிப்பது ஒரு நொடி வேலை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. மென்பொருள் செய்பவர்களின் கிளைகளும் அப்படித்தான். கொஞ்ச தூரம் தனியே ஓடிவிட்டுக் கடைசியில் ஒன்றாகச் சேர்வதற்காகவே பிரிகின்றன. பரிசோதனைக் கிளை சேர்வதில்லை. ஒன்றில் மழையைச் சேர்த்தேன், இன்னொன்றில் மழையை எடுத்தேன். இரண்டையும் சேர்த்தால் என்ன வரும்? முப்பது கிளைகள் ஆனபோது, பெயரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்ல என்னாலேயே முடியவில்லை. ஒரு கிளையில் நிற்கும்போது மற்ற இருபத்தொன்பதும் கண்ணுக்குத் தெரியாது என்பது இன்னொரு தொல்லை. (2015இல் கிட் கொண்டுவந்த வர்க்ட்ரீ வசதியால் இரண்டு மூன்று கிளைகளைத் தனித்தனிப் போல்டர்களில் ஒரே நேரத்தில் விரித்து வைக்கலாம். முப்பதை விரித்து வைப்பவரை நான் பார்த்ததில்லை.)

எங்கே பிழை விட்டேன் என்பது ஒரு மத்தியானம் தலவாக்கலைப் பக்கம் போகும் பஸ்ஸில் இருக்கும்போது பிடிபட்டது. சென் கூம்ஸ் தோட்டத்தைத் தாண்டும்போது பார்த்தால் டி.ஆர்.ஐ. என்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பாத்திகள் தெரியும். ஒன்றுக்கொன்று பக்கத்தில், சின்னப் பலகை நட்டு, ஒரே சரிவில். ஒரு பாத்தியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் அடுத்த சோதனையை நட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? மென்பொருளில் பழைய பதிப்பு என்பது கவ்வாத்தில் வெட்டி விழுந்த குச்சி. வேண்டுமானால் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அதன் வேலை முடிந்துவிட்டது. பரிசோதனையில் பழசு என்று ஒன்று கிடையாது. நேற்றையதும் இன்றையதும் பக்கத்துப் பக்கத்து மலைகள். இரண்டும் ஒரே வெயிலில் நிற்க வேண்டும். நான் மலையாக நட வேண்டியதைக் கவ்வாத்தாக வெட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாத்திகளுக்கு ஒரு கதை இருக்கிறது. மலையகத்தில் பிறந்த எங்களுக்கே அது பெரிதாகச் சொல்லப்படவில்லை. இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது. அதே 1925இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய நிலையத்தில் வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர், ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் முறைகள் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். இன்றைக்கு மருந்து சோதிப்பவரும் சரி, கணினிக்குக் கற்றுக்கொடுப்பவரும் சரி, ஒப்பிடுவது எப்படி என்பதை அந்த வழியில்தான் கற்கிறார்கள். ரொதம்ஸ்டெட்டில் ஃபிஷரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர் தோமஸ் ஈடன். அவர் கப்பலேறி வந்து சேர்ந்த இடம் எங்கள் தேயிலை ஆராய்ச்சி நிலையம்.

இங்கே அவருக்குக் கிடைத்த சிக்கல் கோதுமைக்காரர்களுக்கு இல்லாதது. கோதுமையை வருஷா வருஷம் புதிதாக விதைக்கலாம். தேயிலைச் செடி ஐம்பது வருஷம் அதே இடத்தில் நிற்கும். ஒரு பாத்தி இயல்பிலேயே கொழுத்தது, பக்கத்துப் பாத்தி இயல்பிலேயே இளைத்தது. உரம் போட்டதால் கூடியதா, ஏற்கெனவே கூடத்தான் இருந்ததா? ஈடன் இதைப் பற்றி 1931இல் எழுதினார். சோதனை தொடங்குவதற்கு முன்னால் எல்லாப் பாத்தியையும் ஒரே மாதிரி நடத்தி, ஒரே மாதிரிக் கொழுந்தெடுத்து, ஒன்றும் செய்யாதபோதே எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பதிந்து வைப்பது. பிறகு உரத்தின் கணக்கைப் பார்க்கும்போது அந்தப் பழைய கணக்கையும் பக்கத்தில் வைத்துக் கழிப்பது. ஃபிஷர் தன் புத்தகத்தின் பிந்திய பதிப்புகளில் இந்தக் கழிக்கும் முறையை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணம் இலங்கைத் தேயிலைப் பாத்திகளின் கணக்குத்தான். அந்தக் கொழுந்தை எடுத்த கைகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் ஆட்களின் கைகளாகத்தான் இருந்திருக்கும்.

இதை வாசித்த இரவு நான் செய்த முதல் வேலை, ஒரே பரிசோதனையை ஒன்றும் மாற்றாமல் ஐந்து தடவை ஓட்டியது. இயந்திரக் கற்றலில் தொடக்கத்தில் சில எண்களைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். அந்தக் குலுக்கலின் தொடக்க எண்ணுக்கு 'விதை' என்றே பெயர். விதையை மட்டும் மாற்றி ஐந்து தடவை. வந்த ஐந்து விடைகளுக்கும் இடையில் இருந்த வித்தியாசம், அதுவரை நான் "முன்னேற்றம்" என்று கொண்டாடியதைவிடப் பெரிது. மூன்று மாதமாக நான் உரம் போட்டதாக நினைத்ததெல்லாம் கொழுத்த பாத்தி, இளைத்த பாத்தி வித்தியாசம்.

எந்தப் பரிசோதனை வேலையாக இருந்தாலும் இப்போது என் முதல் போல்டர் அதற்குத்தான். 000 என்று நம்பர். ஒன்றும் செய்யாத மலை.

போல்டர்களுக்கு வருகிறேன். பாடப்புத்தகத் தமிழில் இதை 'அடைவு' என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் நான் யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. 2009 ஜூலையில் வில்லியம் நோபிள் என்ற வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கணினி வழி உயிரியல் வேலைகளை எப்படிப் போல்டர் போட்டு அடுக்குவது என்பதுதான் விஷயம். அறிவியல் இதழில் இதையெல்லாமா எழுதுவார்கள் என்று தோன்றும். ஆனால் அந்த ஆண்டு வந்த எத்தனையோ கனமான கட்டுரைகளைவிட அது எனக்கு உபயோகப்பட்டது. மேலே உள்ள அடுக்கை வேலையின் தன்மைப்படி பிரி: தரவு ஒரு பக்கம், நிரல் ஒரு பக்கம், முடிவுகள் ஒரு பக்கம். ஆனால் முடிவுகளுக்குள்ளே போனால் நாள்வாரியாக அடுக்கு, போல்டர் பெயரையே வருஷம்-மாதம்-நாள் என்று வை. ஒவ்வொன்றிலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்ப ஓட்டக்கூடிய ஒரு ஓட்டுக்கோப்பு வை. இதுதான் சாரம். அப்பாவின் புத்தகத்தையும் மற்றக் கங்காணிமாரின் புத்தகத்தையும் ஒரே பையில் போட்ட மாதிரி.

நான் இப்போது நடத்திக்கொண்டிருக்கும் ஒரு சொந்த வேலையை வைத்தே சொல்கிறேன். அப்பாவின் பதினொரு புத்தகத்தையும் வைத்து, எந்த மலையில் அடுத்த றவுண்டில் எவ்வளவு கொழுந்து வரும் என்று கணிக்க முடியுமா என்பது கேள்வி. கொழுந்து றவுண்டு ஏறத்தாழ ஏழு நாள். மழைக் கணக்கை அப்பாவே எழுதியிருந்தார். தோட்டத்து ஆபிஸில் மழைமானி இருக்கும். காலையில் அளந்ததைக் கேட்டு வந்து பக்கத்தின் தலையில் போட்டிருப்பார்.

வேலைக்கென்று ஒரே ஒரு பெரிய போல்டர், அது முழுக்கக் கிட்டின் காவலில். அதற்குள் 'தரவு'. தரவுக்குள் 'மூலம்', 'துப்புரவு' என்று இரண்டு. மூலத்தில் கைப்புத்தகங்களின் பக்கங்களைப் போனில் எடுத்த படங்கள், கிட்டத்தட்ட ஆயிரம். படங்களைக் கிட்டுக்குக் கொடுப்பதில்லை. கிட் எழுத்துக்காகச் செய்யப்பட்டது; படமும் பெரிய கோப்பும் அதற்குச் சீரணமாகாது. கிட் வேலைகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் நூறு மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே படங்கள் தனி இடத்தில். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, அந்தப் பட்டியலை மட்டும் கிட்டில் வைத்திருக்கிறேன். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். மூலத்தில் யாரும் கை வைப்பதில்லை, நான் உட்பட. பிழை இருந்தால் துப்புரவில்தான் திருத்தம்.

லக்ஷபான நீர்மின் அடுக்கின் அடியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விமலசுரேந்திர நிலையத்தில் சுழற்றிய தண்ணீர் பழைய லக்ஷபானவில் சுழற்றும். அதுவும், கெனியன் வழியாகப் புதிய லக்ஷபானவுக்கு வந்த தண்ணீரும் சேர்ந்துதான் சுரங்கம் வழியே இறங்கிப் பொல்பிட்டிய நிலையத்துக்கு வருகிறது. பொல்பிட்டிய நிலையம் ஓடத் தொடங்கியது 1969இல். மேலே கலங்கினால் கீழே தெளியாது.

ஆட்களின் பெயர் இருக்கும் பக்கங்களை எழுத்தாக்கும்போது பெயரை விட்டுவிட்டு மலையின் மொத்தத்தை மட்டும் எடுத்தேன். இதில் கிட்டிடம் ஒரு எச்சரிக்கை தேவை. ஒரு கோப்பை இன்றைக்குச் சேர்த்துவிட்டு நாளைக்கு நீக்கினால் கண்ணுக்குத்தான் போகும். வரலாற்றில் அப்படியே இருக்கும், தோண்டுகிறவன் கையில் சிக்கும். யாருடைய சம்பளக் கணக்கும் அப்படிக் கிடக்க வேண்டாம்.

தரவுக்குப் பக்கத்தில் 'பொது'. எல்லாப் பரிசோதனைக்கும் வேண்டிய நிரல் அங்கே. அதற்குப் பக்கத்தில் 'மலைகள்'. வெளிநாட்டு நண்பன் ஒருவன் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு நான் புவியியல் படிக்கிறேன் என்று நினைத்தான். ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு மலை. நம்பர், நாள், இரண்டு மூன்று சொல்லில் பெயர். உள்ளே நான்கு கோப்புக்கு மேல் இருக்காது. எந்த அளவுகளை வைத்தேன் என்ற அமைவுக் கோப்பு, ஓட்டுக்கோப்பு, வந்த எண்கள், குறிப்பு எழுதும் ரீட்மீ. எண்கள் கோப்பின் தலையில், அந்த நேரத்தில் நிரல் எந்தக் கமிட்டில் இருந்ததோ அதன் நாற்பது எழுத்து அடையாளத்தை ஓட்டுக்கோப்பே எழுதிவிடும். கமிட் செய்யாத மாற்றம் ஒன்று மிச்சமிருந்தாலும் ஓட மாட்டேன் என்று நின்றுவிடும்படி எழுதி வைத்திருக்கிறேன். இதை எழுதிய முதல் வாரம் என்னையே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திட்டிக்கொண்டேன்.

நல்ல மென்பொருள்காரருக்கு இந்த அடுக்கில் ஒன்று உறுத்தும். அமைவுக் கோப்புகளில் தொண்ணூறு வீதம் ஒன்றைப் போலவே இன்னொன்று. சில நேரம் ஒரு துண்டு நிரலையே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நகல் எடுத்து, கொஞ்சம் மாற்றி வைத்திருப்பேன். ஒன்றை இரண்டு இடத்தில் எழுதாதே என்பது அவர்களுடைய முதல் பாடம். பொருள் செய்யும்போது அது சரி. பரிசோதனையில், முடிந்துபோன மலை ஒன்று பொதுவான நிரலையே நம்பி நின்றால், பொதுவில் நான் செய்யும் ஒரு திருத்தம் ஆறு மாதத்துக்கு முந்தின முடிவைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும். எனவே முடிந்த மலைக்கு வேலி. உள்ளே ஒரு எழுத்தும் மாறக்கூடாது, ரீட்மீயின் கடைசியில் பிற்குறிப்புச் சேர்ப்பதைத் தவிர. அதில் புது எண்ணம் வந்தால் புது நம்பர்.

பதினோராம் மலையில்தான் இந்தக் கண்டிப்பெல்லாம் எதற்கு என்பது எனக்கே விளங்கியது. மழையைச் சேர்த்துப் பார்த்த பரிசோதனை அது. கணினி சொன்னது: மழை பெய்யும் நாளில் கொழுந்து குறைகிறது, மழை கூடக் கூட இன்னும் குறைகிறது. விதை மாற்றி ஐந்து தடவை ஓட்டியும் அதே. மழையில் நனைந்துகொண்டு எடுக்கும்போது கை வேகம் குறையும், ஆள் வரவு குறையும் என்று காரணமும் கண்டுபிடித்து, ரீட்மீயில் பெருமையாக எழுதி வைத்தேன்.

அம்மா கொழுந்தெடுத்தவர். இஸ்தோப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவரிடம் இதைச் சொன்னேன்.

"மழ பேஞ்சா கொழுந்து எங்கடா கொறையும்? மழ பேஞ்சா தான கொழுந்து வரும்."

"அது பிறகும்மா. நான் சொல்றது பெய்யிற அன்னைக்கு."

"அன்னைக்கு எடுத்தத நிறுக்கயில தண்ணி இருக்குன்னு வெட்டுவாங்கல்ல. சாக்குக்கு ஒரு வெட்டு, தண்ணிக்கு ஒரு வெட்டு. மழ கூடுனா வெட்டும் கூடும். வெட்டுனதுக்குப் பெறகுள்ளதத் தான உங்கப்பா எழுதுவாரு."

அப்பா நாற்காலியில் இருந்தார். "வெட்டுனதையும் எழுதியிருக்கேன்," என்றார். "ஓரத்துல பாரு. த போட்டு."

ஓரத்தில் 'த2', 'த3' என்றெல்லாம் இருந்ததை நான் பார்த்திருந்தேன். தரம் என்று நினைத்து, எழுத்தாக்கும்போது விட்டுவிட்டேன். த என்றால் தண்ணி. தலைக்கு வெட்டின கிலோ. நிறுவையில் ஆட்கள் இழந்த ஒவ்வொரு கிலோவையும், கேட்க முடியாத இடத்தில் கேட்க முடியாததைக் கேட்காமல், ஓரத்தில் ஒரு எழுத்தில் எழுதி வைத்திருந்தார். வெட்டு விழுந்து நாளின் கணக்குக் குறைந்தால் பேர் (ஒரு நாள் சம்பளம்) அரைப்பேர் ஆகிவிடும் என்பது அம்மாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணினி கண்டுபிடித்ததாக நான் நினைத்தது வானத்து மழையின் சட்டத்தை. அது கண்டுபிடித்தது தராசின் சட்டத்தை.

மூலத்தில் கை வைக்காமல் இருந்ததால் பிழைத்தேன். ஆயிரம் படத்தையும் திரும்பப் பார்த்து 'த' எல்லாவற்றையும் தனி நெடுவரிசையாக எழுதினேன். துப்புரவின் புதுப் பதிப்பு ஒரு கமிட்டாகப் போனது. அதை வைத்துப் பன்னிரண்டாம் மலை. மழை நாளின் சரிவு பெருமளவு கரைந்துவிட்டது; மிச்சமிருந்த கொஞ்சத்துக்குக் கை வேகம் காரணமாக இருக்கலாம். பதினொன்றை அழிக்கவில்லை. அதன் ரீட்மீயின் அடியில் நாளைப் போட்டு, ஏன் பிழை, யார் சொல்லித் தெரிந்தது, பன்னிரண்டைப் பார் என்று எழுதினேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. புதிதாக யாரேனும் வந்து முதலில் செய்யப்போகும் பிழை பதினொன்றில் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது.

இதற்கெல்லாம் இப்போது கருவிகள் வந்துவிட்டன. 2017இல் டி.வி.சி. வந்தது; பெரிய தரவுகளைக் கிட்டுக்கு வெளியே வைத்துக் கிட்டோடு முடிச்சுப் போடும். 2018இல் எம்.எல்.ஃப்ளோ, ஓட்டிய ஒவ்வொன்றின் அளவுகளையும் எண்களையும் தானே பதிந்து, வரைபடம் போட்டுக் காட்டும். கொழும்பு வேலையில் நாங்கள் அவற்றைப் பயன்படுத்துகிறோம். ஒரு குழுவில் பத்துப் பேர், நாளுக்கு நூறு ஓட்டம் என்றால் கையால் போல்டர் போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் அங்கே ஒன்றைக் கவனிக்கிறேன். ஆயிரத்து இருநூறு ஓட்டங்களின் பட்டியல் திரையில் அழகாக விரிகிறது. ஒவ்வொன்றிலும் நாற்பது அளவுகள் தசமத்துக்குப் பிறகு ஆறு இலக்கம் வரை இருக்கின்றன. ஏன் ஓட்டினோம் என்பது மட்டும் எங்குமில்லை. பதிவது இலகுவானதும் எழுதுவது நின்றுவிட்டது. ஓரத்தில் 'த' போட அங்கே ஓரமே கிடையாது. எனக்கு வயதாகிவிட்டது என்று இளையவர்கள் சொல்வார்கள், இருக்கட்டும். என் சொந்த வேலையில், ரீட்மீயில் கேள்வியை எழுதாமல் ஓட்டுக்கோப்பைத் தொடுவதில்லை.

பெயர் வைப்பதில் மட்டும் டி.ஆர்.ஐ.காரர்களிடம் தோற்றுவிட்டேன். அவர்கள் தெரிந்தெடுத்த செடிகளுக்கு வெறும் நம்பர்: 2023, 2025, 2026. மூன்றும் ஒரே தாய்ச்செடியின் விதையிலிருந்து வந்தவை. நம்பரில் அது தெரியாது, பதிவேட்டில்தான் தெரியும். 2025 என்றால் எங்கள் பக்கத்தில் வருஷமல்ல, செடி. அந்த வருஷம் பிறந்தபோது, "செடிக்குப் பொறந்தநாளு" என்று அப்பா சொன்னார். நான் என் மலைகளுக்கு நம்பரோடு சொல்லும் சேர்த்து வைக்கிறேன். 'மழை-தண்ணிவெட்டு' என்ற பெயரை ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் உள்ளே போகாமலே ஞாபகம் வருகிறது. நூறு மலை தாண்டினால் நானும் வெறும் நம்பருக்குப் போய்விடுவேன் போலிருக்கிறது.

போன மாதம் கொழும்புக் கணினியில் இந்த வேலையைப் புதிதாக இறக்கினேன். இருபத்திரண்டுக்குப் பிறகு இருபத்துநான்கு நின்றது. இருபத்துமூன்றைக் காணோம். நம்பர் போட்டுப் பெயர் வைத்துவிட்டு, பிறகு செய்வோம் என்று விட்டிருந்த போல்டர். உள்ளே ஒன்றும் இல்லாத போல்டரைக் கிட் கணக்கில் எடுப்பதேயில்லை. அதன் கண்ணுக்குக் கோப்புகள்தான் தெரியும். காலி வீட்டுக்குக் கதவிலக்கம் கொடுக்காது. வேண்டுமென்றால் உள்ளே எதையாவது, பேருக்கு ஒரு வெற்றுக் கோப்பையாவது, வைக்க வேண்டும்.

அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்து அப்பாவின் புத்தகங்களைத் திரும்ப அடுக்கும்போது நாலாம் நம்பரை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கம் வழக்கம்போல. ஏக்கர், விதைத் தேயிலை, நட்ட வருஷம் தெரியாது, கவ்வாத்து மாதம். அதற்குப் பிறகு தொண்ணூறு பக்கமும் வெறுமை.

"இதுல ஏன்ப்பா ஒண்ணும் எழுதல?"

"அந்த மலையில நான் கொழுந்தே எடுக்கல. எங்கிட்ட குடுத்த வருஷமே கைவிட்டாங்க. மானாப்புல்லு மூடிப்போச்சு."

"பிறகு ஏன் புத்தகம் வச்சிருக்கீங்க?"

அவர் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தை ஒரு தடவை பார்த்தார். "நாலுன்னு ஒரு மல இருந்துச்சுல்ல," என்றார்.

இருபத்துமூன்றுக்குள் இப்போது ஒரு ரீட்மீ இருக்கிறது. இரண்டு வரி.